ரெண்டும் ஒரே ராகம்தான், மாறும் இடத்தில் ஏன் இடிக்கிறது?

தக்காளி லோடு, பாலக்கோடு:
வாரத்தில் நாலு நடை பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூருக்குத் தக்காளி ஏற்றிப் போகிறேன். ராத்திரி 1 மணிக்குக் கிளம்பினால் பாட்டுதான் துணை. பென்டிரைவில் வரிசையை நானே போடுவேன். ஒரே ராகப் பாட்டுகளை அடுத்தடுத்து வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும் என்றார்கள். ‘கவிக்குயில்’ படத்தின் ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ முடிந்ததும் ‘சுப்ரமணியபுரம்’ படத்தின் ‘கண்கள் இரண்டால்’ வருகிற மாதிரி வைத்தேன். ரெண்டும் ரீதிகௌளை. ஆனால் மாறுகிற இடத்தில் வேகத்தடை ஏறின மாதிரி தூக்கிப் போடுகிறது. கிளீனர் பையன்கூட முழித்துக்கொள்கிறான். எங்கே தப்பு?

மாங்கொட்டை:
தூக்கம் கலைகிறதல்லவா? அப்படியே விடுங்கள்.

பழையபேட்டை கேசட்:
தம்பி, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 1987லிருந்து 16 வருஷம் கேசட் பதிந்து கொடுத்தவன் நான். ராகம் ஒன்று என்றால் கட்டையும், அதாவது பாட்டு நிற்கிற சுருதியின் உயரமும், ஒன்றாக இருக்கும் என்று யார் சொன்னது? முதல் பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டு அதன் ஆதார சுரமான ‘ச’வை வாய்க்குள் முனகுங்கள். முனகலை விடாமல் அடுத்த பாட்டைப் போடுங்கள். முனகல் அதன் ‘ச’வோடு ஒட்டினால் நல்லது. ‘ப’விலோ ‘ம’விலோ போய் உட்கார்ந்தாலும் பரவாயில்லை. அரைக் கட்டை தள்ளி நின்றால்தான் பல் கூசும்.

என்னைக் கேட்டால் ஒரே ராகத்தை ஒட்டி வைக்கவே மாட்டேன். ரெண்டாவது பாட்டு முதல் பாட்டின் நகல் மாதிரி கேட்கும், பாவம். நடுவில் அதே கட்டையில் வேறு ராகப் பாட்டு ஒன்றைச் செருகுங்கள். முதல் பாட்டைப் பாலமுரளிகிருஷ்ணா பாடி முடித்த பிறகு காதுக்கும் கொஞ்சம் மூச்சு வேண்டாமா?

அடுத்தது நடை, அதாவது தாளம் ஓடுகிற விதம். ‘தகிட தகிட’ என்று மூன்றாக ஓடுகிற பாட்டுக்குப் பின்னால் ‘தகதிமி’ வந்தால் கால் தடுக்கும். அங்கே தாளமே இல்லாமல், ஹம்மிங்கிலோ புல்லாங்குழலிலோ தொடங்குகிற பாட்டாகப் பார்த்து வைப்பேன். முந்தைய பாட்டு தேய்ந்து மறைகிற வகை என்றால் இன்னும் வசதி.

60 நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம். நாலரை நிமிஷப் பாட்டு ஆறு போட்டால் 27 ஆகிவிடும். ஏழாவது பாட்டு சரணத்தில் அறுந்துபோகும். அந்த மூன்று நிமிஷத்தை அடைக்கவே வாத்திய இசைத் துண்டுகள் தனியாக ஒரு டேப்பில் வைத்திருந்தேன். பாட்டின் அர்த்தத்தைப் பார்க்காமல் கட்டையை மட்டும் பார்த்தும் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். காவேரிப்பட்டணத்துக் கல்யாணம் ஒன்றுக்கு நலங்குப் பாட்டுக்குப் பின்னால் பிரிவுப் பாட்டு போய்விட்டது. இசை பிரமாதமாக ஒட்டியது. மறுநாள் பெண்ணின் மாமா கேசட்டோடு கடைக்கு வந்துவிட்டார்!

அரூர் அக்கா:
ஐயா சொன்னதோடு சத்தத்தையும் பாருங்க தம்பி. 1977 பாட்டு மெதுவாகவும் 2008 பாட்டு ஓங்கியும் இருக்கும், பாதி இடி அதுதான். ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருளில் எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரலாம். முடிவும் தொடக்கமும் மூன்று நொடி ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மாதிரியும் ஒட்டலாம். இன்னொன்று, பல வண்டி ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையைப் பார்க்காமல் நகலெடுத்த வரிசையில்தான் பாடும். பென்டிரைவைக் காலி செய்துவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.

பழையபேட்டை கேசட்:
சரியாகச் சொன்னாய் அம்மா. அந்தக் காலத்தில் டெக்கில் ஆடுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டே திருகுவோம்.

தக்காளி லோடு, பாலக்கோடு:
நேற்று ராத்திரி ஓட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு பாட்டைச் செருகி, சத்தத்தையும் சமமாக்கினேன். துளி இடி இல்லை. ராயக்கோட்டை தாண்டும் முன்பே பையன் குறட்டை. எனக்கும் கண் சொக்கியது, ஓசூரில் நிறுத்தி டீ குடித்தேன். மாங்கொட்டை அண்ணன் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. அத்திப்பள்ளிக்கு முன்னால் மட்டும் வேண்டுமென்றே ஒரு இடி வேண்டும். எப்படி வைப்பது ஐயா?

பழையபேட்டை கேசட்:
தாலாட்டு மாதிரி மூன்று நடைப் பாட்டு ஒன்று. அது முடிந்த கையோடு, இடைவெளியே விடாமல், அரைக் கட்டை ஏற்றி, பறையில் தொடங்குகிற பாட்டு. 16 வருஷம் எதைச் செய்யக்கூடாது என்று இருந்தேனோ, அத்தனையும்.