மாதம் 9,000 பேர் வரும் தளம்: விளம்பரத்தை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா?

ஊசிநூல்:
வணக்கம். தையல் மெஷின் பழுது பார்ப்பதைப் பற்றி 4 வருடமாகத் தமிழில் ஒரு தளம் நடத்துகிறேன். 62 பதிவுகள். ‘தையல் விட்டு விட்டு விழுகிறது’, ‘அடிநூல் சிக்குகிறது’ என்று கூகுளில் தேடி வருபவர்கள்தான் அதிகம். 5 மாதம் முன்பு கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸில் ஆட்டோ விளம்பரம் (எங்கே காட்டுவது என்று கூகுளே முடிவு செய்வது) போட்டேன். 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள்; இன்னும் சேரவில்லை. ஊசி மாட்டும் படத்தை விளம்பரம் மறைக்கிறது என்று போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். அதிலிருந்து மனசே சரியில்லை. ஹோஸ்டிங் செலவு வந்தால்கூடப் போதும். என்ன செய்யலாம்?

வலைக்காரன்:
அவசரப்பட்டு எடுக்காதீர்கள். எந்தப் பக்கத்தில் வேண்டாம், பக்கத்தில் எந்த இடத்தில் வேண்டாம் என்று ஆட்டோ விளம்பர அமைப்பிலேயே சொல்லலாம். படம் இருக்கும் இடத்தை விலக்கிவிடுங்கள். 2024-லிருந்து கிளிக்குக்குப் பதில், விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது என்ற கணக்கில்தான் பணம் தருகிறார்கள். ஆட்கள் கூடினால் வருமானமும் கூடும்.

மாடித்தோட்டம்:
ஆட்கள் கூடினால் என்பதுதான் சிக்கல். நான் செடி வளர்ப்புத் தளத்தில் 3 வருடம் அப்படிக் காத்திருந்தேன். பழுது பார்க்க வருபவர் ஒரு பக்கம் படிப்பார், மெஷின் ஓடியதும் போய்விடுவார். அதில் எத்தனை விளம்பரம் காட்ட முடியும்?

அவர் அடுத்து என்ன செய்யப் போகிறார் என்று பாருங்கள். தையல் விட்டுப் போனால் முதலில் ஊசியைத்தானே மாற்றச் சொல்வீர்கள்? வீட்டு மெஷினுக்கு ஹெச்ஏ×1 வகை ஊசி, ஃபேக்டரி மெஷினுக்கு டிபி×1 வகை. மாற்றி வாங்கினால் பொருந்தாது. சரியான ஊசிக்கு அங்கேயே அஃபிலியேட் லிங்க் (அதன் வழியாக வாங்கினால் நமக்குப் பங்கு தரும் கடை லிங்க்) கொடுத்தால் அவருக்கும் உதவி, உங்களுக்கும் கமிஷன். அமேசானில் லிங்க்கைத் தொட்ட 24 மணி நேரத்துக்குள் வேறு பொருள் வாங்கினாலும் பெரும்பாலும் கணக்கில் வரும். ஊசிக்குக் கிடைப்பது சொற்பம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘இதில் எனக்குக் கமிஷன் உண்டு’ என்று லிங்க்குக்கு மேலேயே எழுதுங்கள். இது காசு வரும் லிங்க் என்று கூகுளுக்குத் தெரிய, லிங்க்கின் கோடில் ‘ஸ்பான்சர்டு’ குறியும் சேருங்கள்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது நானே செய்து விற்ற பிடிஎஃப். எந்த இலையில் எந்தப் புள்ளி வந்தால் என்ன குறை என்று 18 பக்கம். வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனாலும் விளம்பரத்தில் ஒரு வருடம் வந்ததை 2 மாதத்தில் தாண்டியது.

நிறுவனம் பணம் கொடுத்து எழுதச் சொல்லும் ஸ்பான்சர் பதிவு மட்டும் யோசித்துச் செய்யுங்கள். ஒரு நிறுவனத்தின் உரத்தை நான் போட்டுப் பார்க்காமலே எழுதிவிட்டேன். செடி கருகியது என்று 2 பேர் படம் அனுப்பினார்கள். பதிவை எடுத்துவிட்டு, பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். அந்த 2 பேரும் அப்புறம் என் பக்கம் வரவே இல்லை.

ஊசிநூல்:
இருவருக்கும் நன்றி. படம் உள்ள பக்கங்களில் விளம்பரத்தை இப்போதே நிறுத்திவிட்டேன். பிடிஎஃப் பற்றி ஒன்று: எல்லாம் தளத்திலேயே இலவசமாக இருக்கிறதே, காசு கொடுப்பார்களா?

மாடித்தோட்டம்:
கொடுப்பார்கள். மெஷினைப் பிரித்துப் போட்டு, கையெல்லாம் எண்ணெயோடு இருப்பவர் 62 பதிவுகளில் தேட மாட்டார். குறை, காரணம், சரிசெய்யும் முறை எல்லாம் ஒரே அட்டவணையில், அச்செடுத்து மெஷின் பக்கத்தில் ஒட்டும் அளவில் கொடுங்கள். பதிவுகளை இலவசமாகவே விடுங்கள், தேடி வருபவர்கள் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள். அடிநூல் சிக்கலில் இருந்து தொடங்குங்கள்.