மணவாளக்குறிச்சி தாது மணல்: மென்பொருள் ஒருமுறை சிர்கான் என்கிறது, மறுமுறை மோனசைட் என்கிறது

கேள்வி:
எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக மணவாளக்குறிச்சி மணலை ராமன் கருவியில் (லேசர் ஒளி சிதறும் விதத்தை வைத்துக் கனிமத்தை அடையாளம் காண்பது) பார்க்கிறேன், 532 நானோமீட்டர் லேசர். மணலை அரைத்து வில்லையாக அழுத்தி எடுத்த நிறமாலையை கிரிஸ்டல்ஸ்லூத் மென்பொருளில் போட்டு ரஃப் என்ற கனிம நிறமாலைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால் சிர்கான் என்று வருகிறது, பின்னணியைக் கொஞ்சம் வேறு மாதிரி கழித்தால் மோனசைட்! 974-லும் 465-லும் (அலகு செ.மீ⁻¹) பீக், அதாவது உச்சி, தெளிவாக இருக்கிறது. எதை நம்புவது, வேறு மென்பொருளுக்குப் போகலாமா?

பதில்:
மென்பொருளை மாற்றிப் பயனில்லை. முழு நிறமாலையும் ஒரே கனிமத்துடையது என்று வைத்துக்கொண்டுதான் அது தேடுகிறது, நீங்கள் கொடுப்பதோ நாலைந்து கனிமங்களின் கூட்டு. அதிலும் 974 மோசமான இடம், சிர்கானுக்கும் அங்கே பீக் உண்டு, மோனசைட்டின் பாஸ்பேட் பீக்கும் அதை ஒட்டியே விழும். 465-ல் குவார்ட்ஸும் மோனசைட்டும் அதேபோல மோதும். அதனால் மற்ற பீக்குகளைப் பாருங்கள்: சிர்கானுக்கு 1008, 439, 356, குவார்ட்ஸுக்கு 206, 128. சிர்கான் பொடியில் 1008-தான் உயரமாக நிற்க வேண்டும்.

இன்னொரு பதில்:
முதலில் அரைப்பதை நிறுத்துங்கள், மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது, அந்தத் தூசு மூச்சில் போகக் கூடாது. வலுவான நியோடிமியம் காந்தத்தை வைத்தால் இல்மனைட்டும் கார்னெட்டில் பெரும்பகுதியும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், சிர்கான், ரூட்டைல், சிலிமனைட் ஒட்டாது. அப்புறம் நுண்ணோக்கியில் ஒவ்வொரு மணியாக லேசரை வையுங்கள், தனி மணிக்கு கிரிஸ்டல்ஸ்லூத் நன்றாகவே பதில் சொல்லும். கருவி சரியாக அளக்கிறதா என்று அறிய, தினமும் சிலிக்கான் துண்டின் பீக் 520.5-ல் விழுகிறதா என்று சரிபார்த்த பிறகே தொடங்குங்கள். மோனசைட்டில் உள்ள அருமண் தனிமங்கள் ஒளிர்வதும் பீக் மாதிரியே தெரியும், சந்தேகம் வந்தால் 785 நானோமீட்டர் லேசரில் மறுபடி எடுங்கள், உண்மையான ராமன் பீக் அதே எண்ணில் நிற்கும், ஒளிர்வு இடம் மாறிவிடும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி சார். 1008 இருக்கிறது, ஆனால் 974 அதைவிட உயரம், அப்படியென்றால் இரண்டுமே இருக்கிறது போல. பீக் உயரத்தை வைத்து சதவீதம் சொல்லலாமா? வழிகாட்டி கேட்கிறார்.

பதில்:
கூடவே கூடாது. ஒவ்வொரு கனிமமும் ஒளியைச் சிதறடிக்கும் அளவு வேறு. அந்த மணலில் அதிகம் இருப்பதே இல்மனைட், ஆனால் கறுப்பாக இருப்பதால் ராமனில் மங்கலாகத்தான் தெரியும். சதவீதத்துக்கு எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு) எடுத்து ப்ரோஃபெக்ஸ் மென்பொருளில் ரியட்வெல்ட் முறையில் (கணக்கிட்ட வரைவை அளந்த வரைவோடு ஒத்துப்போக வைப்பது) பொருத்துங்கள், மென்பொருள் இலவசம்தான். இரும்பு அதிகம் என்பதால் தாமிர எக்ஸ்-கதிர்க் குழாயில் பின்னணி ஏறிவிடும், கோபால்ட் குழாய் உள்ள ஆய்வகம் கிடைக்கிறதா பாருங்கள்.