அரை டாலர் என்று நான் படித்த சீட்டு

மேற்கு மாம்பலம், ஓய்வு பெற்ற கணக்காளர்

கூப்பன் பாஷை புரியாமல் விழித்த கதையை ஆளுக்கு ஒன்றாகச் சொல்வோம். பிள்ளையார் சுழியை நானே போடுகிறேன்.

2013 ஜனவரியில் மகளின் பிரசவத்துக்காக நியூ ஜெர்சி போயிருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு மதுரைப் பெண். ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் வந்தால் செய்தியைத் தொடவே மாட்டாள். நடுவில் செருகியிருக்கும் வண்ணத் தாள்களை உருவிக்கொண்டு கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் அவள் குழந்தைக்குக் காய்ச்சல். "அங்கிள், என்னிடம் ஒரு கியூ இருக்கிறது. கடைக்குப் போகும்போது எனக்கும் சேர்த்து வாங்கி வருகிறீர்களா?" என்றாள். கியூ என்றதும் எனக்கு ரேஷன் கடைதான் கண்ணில் வந்தது. அந்தப் பனியில் வரிசையில் நிற்கவேண்டும் போலிருக்கிறது என்று ஸ்வெட்டருக்கு மேல் மருமகனின் கோட்டையும் மாட்டிக்கொண்டேன். கூப்பனை அங்கே 'கியூபான்' என்று உச்சரிப்பவர்கள் உண்டு. அதனால் சுருக்கமாக வெறும் கியூ என்ற எழுத்து.

அவள் கொடுத்த துண்டுச் சீட்டு இன்னும் என் டைரியில் இருக்கிறது. காலை உணவு சீரியல் இரண்டு பெட்டி, ஒன்று 2.99, அதன் பக்கத்தில் டாலர் குறி போட்டு 1/2, அப்புறம் எஸ்.எஸ். 1/13, கடைசியில் ஓ.ஓ.பி. 4.98. முப்பது வருடம் பேரேட்டோடு குடும்பம் நடத்தியவன் நான். 1/2 என்றால் அரை டாலர் தள்ளுபடி. இரண்டு பெட்டி 5.98, அரை போனால் 5.48. பெண் கணக்கில் தவறிவிட்டாள் என்று முடிவுகட்டினேன். 1/13 இன்னும் மோசம். தேதி என்று பார்த்தால் பதின்மூன்றாம் மாதம் எங்கே இருக்கிறது?

கடையில் அவள் சொன்ன 4.98தான் வந்தது. 1/2 என்பது இரண்டு வாங்கினால் ஒரு டாலர் கழிவு. எஸ்.எஸ். என்பது கூப்பன் வந்த இணைப்பிதழின் பெயர்ச் சுருக்கம். 1/13 ஜனவரி 13. அவர்கள் மாதத்தை முன்னால் போடுகிறார்கள். ஓ.ஓ.பி. என்பது எல்லாக் கழிவும் போக உங்கள் பையிலிருந்து உண்மையில் போகும் பணம். கல்லாவில் ஒரு குட்டி இயந்திரம் நீளமாக ஒரு தாளைத் துப்பியது. ரசீதின் வால் என்று நினைத்துக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பெயர் 'கேட்டலினா'. அடுத்த முறை வாங்கும்போது மூன்று டாலர் கழித்துக்கொள்ள உதவும் சீட்டு. இதை மதுரைப் பெண்ணிடம் சொன்னபோது அவள் முகம் போன போக்கை மறக்க முடியாது.

பிறகு ஆறு மாதத்தில் தேறிவிட்டேன். அலமாரியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டு கூப்பன் நீட்டும் பெட்டி 'பிளிங்கி'. பொருளின் மேல் ஒட்டியிருந்து உரித்தெடுப்பது 'பீலி'. தயாரிப்பாளரின் கூப்பனையும் கடையின் கூப்பனையும் ஒரே பொருளுக்குச் சேர்த்துக் கொடுப்பது 'ஸ்டாக்கிங்'. தயாரிப்பாளர் கூப்பன் ஒரு பொருளுக்கு ஒன்றுதான். ஒய்.எம்.எம்.வி. என்று பார்த்தால், உங்கள் ஊர்க் கடையில் இது செல்லாமலும் போகலாம் என்று பொருள். கார் விளம்பரங்களில் 'யுவர் மைலேஜ் மே வேரி', அதாவது உங்களுக்குக் கிடைக்கும் மைலேஜ் மாறலாம், என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வாசகத்திலிருந்து வந்தது அது. கூப்பனின் ஓரத்தில் பொடி எழுத்தில் ரொக்க மதிப்பு ஒரு சென்டில் நூறில் ஒரு பங்கு என்றுகூட அச்சிட்டிருப்பார்கள். கூப்பனுக்குப் பணமதிப்பு இருக்க வேண்டும் என்று சில மாநிலங்களில் இருந்த சட்டத்துக்காக அந்த ஏற்பாடு.

ஒன்று கவனித்தேன். இந்தச் சுருக்கங்களைப் புழக்கத்தில் விட்டவர்கள் வாங்குகிறவர்கள். ஒருவருக்கொருவர் சரியாகச் சொல்லிக்கொள்வதற்காக. நம் ஊரில் சுருக்கெழுத்து கடைக்காரர் கையில் இருக்கிறது. திரும்பி வந்த பிறகு ரங்கநாதன் தெருவில் எந்தப் பலகையைப் பார்த்தாலும் 'வரை' என்ற சொல் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்றுதான் தேடுகிறேன்.

குரோம்பேட்டை, பள்ளி ஆசிரியை

ஐயா சொன்ன 'வரை'க்கு அண்ணன் ஒருவன் இருக்கிறான், கூட்டல் குறி. ஆடித் தள்ளுபடியில் தி. நகர்க் கடை ஒன்றில் 50% + 20% என்று பலகை. எழுபது என்று என் நாத்தனார் துள்ளினார். 2000 ரூபாய்ப் புடவை. முதலில் பாதி போய் 1000. அந்த ஆயிரத்தில் இருபது சதவீதம் போய் 800. மொத்தத் தள்ளுபடி அறுபது. நான் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். கடைக்குள்ளேயே பாடம் நடத்த ஆரம்பித்ததும் நாத்தனார் என்னைத் தெரியாதவர் போல நகர்ந்துவிட்டார்.

'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' இன்னொன்று. மூன்றில் எது இலவசம்? விலை குறைந்தது. 1500, 1400 புடவைகளுக்கு நடுவே அம்மாவுக்கு என்று 450 ரூபாய்ச் சுங்குடி ஒன்றை எடுத்து வைத்திருந்தோம். பில்லில் சுங்குடிதான் கழிந்தது. மூன்றும் ஒரே விலையாக இருந்தால்கூட அது 33 சதவீதம்தான், ஐம்பது இல்லை. இதற்குப் பயந்தே தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸ் போகிறேன். 30 சதவீதம் என்றால் முப்பதுதான், கூட்டல் குறி இல்லை.

அண்ணா நகர், இல்லத்தரசி

என் கதை தங்கத்தில். கடை பெயர் வேண்டாம். 'செய்கூலி முற்றிலும் இலவசம்' என்று அட்டைக் கூப்பன் வீடு தேடி வந்தது. மகளுக்கு ஒரு பவுனில் சங்கிலி பார்த்தோம். கூப்பனை நீட்டினேன். பில்லில் செய்கூலி என்ற வரியே இல்லை, வாக்குச் சுத்தம். அதே இடத்தில் 'வி.ஏ. 16%' என்று இருந்தது.

"தம்பி, இது என்ன?"

"வேல்யூ அடிஷன், மேடம்."

"செய்கூலி இலவசம் என்று போட்டிருக்கிறீர்களே?"

"செய்கூலி இலவசம்தான் மேடம். இது வி.ஏ."

செய்கூலி, சேதாரம் என்று நம் பாட்டி காலத்திலிருந்து தெளிவாக இருந்த இரண்டு சொற்களையும் அரைத்துக் கலக்கி இரண்டு எழுத்தாக்கிவிட்டார்கள். எட்டு கிராமில் பதினாறு சதவீதம் என்றால் 1.28 கிராம் தங்கத்தின் விலை. அதற்கும் சேர்த்து 3 சதவீதம் ஜி.எஸ்.டி. கழுத்தில் ஏறாத தங்கத்துக்கு நான் வரி கட்ட வேண்டும்! எழுந்து வந்துவிட்டேன். மகளுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். அடுத்த மாதம் வேறு கடையில் வி.ஏ. 9%க்குப் பேசி முடித்தேன். அந்த எழுத்துகளுக்குப் பேரம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வேளச்சேரி, மென்பொருள் பணி

சுருக்கமாகச் சொல்கிறேன். சாப்பாட்டுச் செயலியில் '60% தள்ளுபடி' என்று பார்த்து அலுவலக நண்பர்கள் ஆறு பேருக்கு 1400 ரூபாய்க்குப் பிரியாணி போட்டேன். கழிந்தது 120. கீழே 'அதிகபட்சம் 120' என்று இருந்ததை மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் மூன்று பேர் இருந்தும் யாரும் பார்க்கவில்லை. இருநூறு ரூபாய்க்கு மட்டும் ஆளுக்கொரு ஆர்டராகப் போட்டிருந்தால் ஒவ்வொன்றிலும் 120 போயிருக்கும். முன்பு ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் காகித உணவுக் கூப்பன் தந்தார்கள். அதில் ஒளிவு மறைவு கிடையாது. ஐம்பது என்றால் ஐம்பது. சில்லறை மட்டும் தரமாட்டார்கள், மீதிக்குச் சாக்லேட்.

மேற்கு மாம்பலம், ஓய்வு பெற்ற கணக்காளர்

அண்ணா நகர் அம்மா சொன்ன வி.ஏ. புதிது எனக்கு. குறித்துக்கொண்டேன்.

சுருக்கெழுத்தே இல்லாத ஒரு திட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில் வாடிக்கையாகக் காய் வாங்கும் ஆயா ஒருவர் இருக்கிறார். கத்தரிக்காய், அவரை, இரண்டு முருங்கை எடுத்தால், நாம் கேட்காமலேயே கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் கொசுறாகப் பைக்குள் விழும். போன வாரம் விழவில்லை. மழையில் வரத்து குறைந்து கொத்துமல்லி கட்டு நாற்பது ரூபாயாம்.

"கொசுறு எங்கே ஆயா?" என்றேன்.

"இன்றைக்கு எனக்கே கட்டாது சார். நாளைக்கு வாருங்கள், தருகிறேன்."

நியூ ஜெர்சிக் கல்லா துப்பிய அதே சீட்டு, தாள் மட்டும் இல்லை. இந்த முறை கசக்கிப் போடக் கூடாது என்று மறுநாள் காலையிலேயே போய் நின்றேன். அரைக் கிலோ தக்காளிதான் வாங்கினேன். ஒரு கைப்பிடி கொத்துமல்லி, நேற்றைய பாக்கியாக, மேலே வந்து விழுந்தது.

வீட்டில் பையைக் கவிழ்த்த என் மனைவி, "நாற்பது ரூபாய் விற்கிற நேரத்தில் கொத்துமல்லியா? ஓ.ஓ.பி. எவ்வளவு?" என்றாள்.