பலவருண அங்கி: பாளையங்கோட்டை வீட்டாரின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் இரவு

பெரியக்கா: அம்மாவின் 80ஆவது பிறந்தநாள் ஸ்தோத்திரக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை நாளைக் காலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் இருக்கும் தம்பியின் மகள் கிதார் வாசித்து ஒரு ஆங்கிலப் பாட்டுப் பாடுவதாகச் சொன்னாளே, அது எந்தப் பாட்டு என்று இன்றிரவுக்குள் தெரிய வேண்டும்.

அத்தான்: ‘கன்ட்ரி ரோட்ஸ்’ பாடச் சொல்லுங்கள். கூட்டத்தில் பாதிப் பேர் சேர்ந்து பாடுவார்கள்.

அண்ணன்: நல்ல பாட்டுத்தான் அத்தான். ஆனால் மேற்கு வர்ஜீனியாவைப் பாடும் அந்தப் பாட்டை எழுதத் தொடங்கிய பில் டேனஃப், டாஃபி நிவர்ட் இருவரும் அதுவரை அந்த மாநிலத்தில் கால் வைத்ததே இல்லை. மேரிலாந்தில் கிளாப்பர் ரோடு என்னும் சாலையில் கார் ஓட்டிப் போகும்போது பிறந்த பாட்டு அது. பாடகர் ஜானி கேஷுக்குக் கொடுக்க நினைத்திருந்ததை, 1970 டிசம்பர் கடைசியில் வாஷிங்டனில் இன்னொரு பாடகரான ஜான் டென்வரிடம் பாடிக் காட்டினார்கள். மூவருமாக விடிய விடிய உட்கார்ந்து முடித்தார்கள். 2014இல் மேற்கு வர்ஜீனியா மாநிலமே அதைத் தன் பாட்டுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. இருந்தாலும் அது ஊரைப் பிரிந்தவர் ஊருக்கு ஏங்கும் பாட்டு. அம்மா பாளையங்கோட்டையை விட்டு எங்கும் போனவர் அல்லர். நாஷ்வில்லில் இருந்துகொண்டு ஏங்கியவன் நான்தான்.

நான்: அப்படியானால் விட்னி ஹூஸ்டன் பாடிய ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ இருக்கிறதே, அண்ணன்?

அண்ணன்: வேண்டாம் தம்பி, அது விடைபெறும் பாட்டு. அதை எழுதியவர் டாலி பார்ட்டன். 1967 முதல் பாடகர் போர்ட்டர் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடிவந்தவர், தனியே போக விரும்பியபோது இருவருக்கும் ஓயாத வாக்குவாதம். பேசிப் புரியவைக்க முடியாததை 1973இல் பாட்டாக எழுதி, அவர் எதிரிலேயே பாடிக் காட்டினார். வேகனர் கண்கலங்கி, அந்தப் பாட்டைத் தாமே தயாரிக்க விட்டால் போகலாம் என்றார். பின்னர் எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்ப, அவருடைய மேலாளர் பதிப்புரிமையில் பாதியைக் கேட்டார். டாலி இரவெல்லாம் அழுதாரே தவிரக் கொடுக்கவில்லை. 1992இல் ஹூஸ்டன் பாடி உலகமே கேட்டபோது உரிமை டாலியின் கையில் இருந்தது. எவ்வளவு அழகான பாட்டாக இருந்தாலும், 80 வயதுத் தாயின் முன்னால் பிரிவைப் பாடக் கூடாது.

பெரியக்கா: வேண்டாத பாட்டுகளின் வரலாறு போதும். வேண்டிய பாட்டு எது?

அண்ணன்: அதே டாலி பார்ட்டன் எழுதிய ‘கோட் ஆஃப் மெனி கலர்ஸ்’. மகள் ஒரு மாதமாகப் பயின்றுகொண்டிருக்கிறாள். டாலி 1946இல் டென்னசி மாநிலத்தின் செவியர் மாவட்டத்தில், 12 பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தவர். பிரசவம் பார்த்த டாக்டருக்கு அவருடைய தகப்பனார் கொடுத்தது ஒரு மூட்டை சோள மாவு. குளிர் நெருங்கும் நாளில் பிள்ளைக்கு மேலங்கி இல்லாததால், தாய் ஏவி லீ கிடைத்த துண்டுத் துணிகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தார். தைக்கும்போதே, வேதாகமத்தில் யாக்கோபு தன் மகன் யோசேப்புக்குப் பலவருணமான அங்கியைச் செய்வித்த கதையையும் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு பெருமையோடு பள்ளிக்கூடம் போன சிறுமியைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். 1969இல் வேகனரோடு பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது பாட்டு வந்துவிட்டது, எழுதக் காகிதம் இல்லை. வேகனரின் உடுப்பைச் சலவைக்குக் கொடுத்திருந்த ரசீதின் பின்புறத்தில் எழுதினார். 1971இல் பாட்டு வெளிவந்து பெயர் பெற்றதும், வேகனர் அந்த ரசீதைச் சட்டம் போட்டு வைத்தார். யோசேப்பின் கதை வரும் ஆதியாகமம் 37ஐ மனப்பாடமாகச் சொல்லும் நம் அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு வேறு இல்லை.

அத்தான்: மிக நன்று.

சின்னக்கா: அந்தப் பாட்டு வேண்டாம்.

நான்: ஏன் அக்கா?

சின்னக்கா: பெரியக்காவுக்குத் தெரியும்.

பெரியக்கா: அந்த ஆண்டு எனக்குப் புதுத்துணி எடுத்தது கோயிலில் நடந்த திடப்படுத்தல் ஆராதனைக்காக. நான் கேட்டு வாங்கியதில்லை. இதை எத்தனை முறை சொல்வது?

சின்னக்கா: உங்களைக் குறை சொல்லவில்லை அக்கா. தம்பி அப்போது கைக்குழந்தை, அவனுக்குத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பு. தையல்கடையில் வாங்கி வந்த துண்டுத் துணிகளில் அம்மா எனக்குக் கிறிஸ்துமஸ் கவுன் தைத்தார்கள். ஒரு கை கோடு போட்ட சட்டைத்துணி, மறு கை பச்சைப் பூ, கீழே சுற்றிலும் அப்பாவின் பழைய வேட்டிக் கரை. பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றேன். பின்னால் இருந்த ஒருத்தி “தோரணம்” என்றாள். அடுத்த கிறிஸ்துமஸ் வரை பள்ளிக்கூடத்தில் என் பெயர் அதுதான். டாலிக்கு அவள் தாய் யோசேப்பின் கதையைச் சொன்னாள். அதனால் சிரித்தவர்களிடம் திருப்பிச் சொல்ல அவளிடம் ஒரு பதில் இருந்தது. அப்பாவுக்கு வேலை போயிருந்த ஆண்டு அது. அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் தைத்தார்கள்.

மைனி: மன்னித்துவிடு. இது எங்களுக்குத் தெரியாது. மகளிடம் வேறு பாட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

நான்: பள்ளிக்கூடம் வரும் சரணத்தை மட்டும் விட்டுவிட்டுப் பாடலாமே? நேரமும் குறையும்.

அண்ணன்: பாடகி லொரெட்டா லின் 1970இல் வெளியிட்ட ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ பாட்டுக்கும் அப்படித்தான் வெட்டு விழுந்தது. கென்டக்கியின் புட்சர் ஹாலோ என்னும் மலையிடுக்கில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகளாக வளர்ந்த கதையை அவர் சரணம் சரணமாக எழுதிக்கொண்டு போக, தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி நீளம் அதிகம் என்று குறைக்கச் சொன்னார். அங்கே வெட்டிய பின்னும் சுரங்கமும் இருந்தது, வறுமையும் இருந்தது. இங்கே பள்ளிக்கூடத்தை எடுத்துவிட்டால், ஒரு தாய் அங்கி தைத்தாள் என்பதோடு கதை நின்றுபோகும். பாடினால் முழுவதும் பாட வேண்டும், இல்லாவிட்டால் பாட வேண்டாம். தங்கச்சி சொல்வது போலவே செய்வோம்.

சின்னக்கா: அந்தத் தாய் பாட்டைக் கேட்டாரா?

அண்ணன்: கேட்டிருக்கிறார். ஏவி லீ 2003 வரை இருந்தார். பழைய அங்கி மிஞ்சவில்லை. அதே மாதிரி இன்னொன்றைத் தம் கையாலேயே தைத்துக் கொடுத்தார். டாலியின் பொழுதுபோக்குப் பூங்காவான டாலிவுட்டின் அருங்காட்சியகத்தில் வைத்தது அதைத்தான்.

சின்னக்கா: மறுபடியும் தைத்தாரா?

அண்ணன்: ஆம். அதே போல ஒட்டுத்துணியில்.

பெரியக்கா: மணி பதினொன்று. நிரலில் என்ன போடட்டும்?

சின்னக்கா: பெயர் போடாதீர்கள் அக்கா, ‘பேத்தியின் பாட்டு’ என்று மட்டும் போடுங்கள். நான் வெள்ளிக்கிழமையே வந்துவிடுகிறேன். முதலில் அம்மாவிடம் அந்தக் கவுனைப் பற்றிப் பேச வேண்டும். பாடுவதாக இருந்தால் எந்தச் சரணத்தையும் விட வேண்டாம். அண்ணன் மட்டும் முன்னுரை சொல்லக் கூடாது.

அண்ணன்: இரண்டே நிமிடம்.

சின்னக்கா: வேண்டாம் அண்ணன்.

அத்தான்: எதற்கும் பிள்ளை ‘கன்ட்ரி ரோட்ஸ்’ஸையும் பயின்று வைத்திருக்கட்டும்.

பெரியக்கா: வெள்ளிக்கிழமை எந்த ரயிலில் வருகிறாய்? வரும்போது அம்மாவின் தையல் பெட்டிச் சாவி உன்னிடம் இருந்தால் எடுத்து வா.