கை ஊன்றினாலும் அப்பாவால் எழ முடியவில்லை, பலம் திரும்புமா?

இளையமகள்:
அப்பாவுக்கு 76 வயது. பிரஷருக்கு மாத்திரை போடுகிறார், வேறு பெரிய நோய் இல்லை. போன மாதம்தான் கவனித்தேன். நாற்காலியில் இரண்டு கைகளையும் ஊன்றியும் முதல் முறையில் எழ முடிவதில்லை. திரும்ப உட்கார்ந்து, எதையோ தேடுகிறவர் போலச் சட்டைப்பையைத் தடவுகிறார். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்கும் தெரியும்.

அம்மா இருந்தவரை தினமும் இருவரும் சேர்ந்து நடக்கப் போவார்கள். அம்மா போய் இரண்டு வருடம். இப்போது "நடங்கப்பா" என்றால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறார். போன வாரம் நான் விடாமல் சொன்னபோது, "வயசாயிடுச்சும்மா, விட்டுடு" என்றார். அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. இந்த வயதில் கால் பலம் திரும்புமா? எங்கிருந்து தொடங்குவது?

பிசியோ_20வருடம்:
திரும்பும். 1990-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது.

நடையை இப்போதைக்கு விடுங்கள். எழுவதுதான் சிரமம் என்றால் எழுவதையே பயிற்சியாக்குங்கள். கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கெட்டியான திண்டு வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும், அதுவும் தசைக்கு நல்ல பயிற்சிதான். காலை ஐந்து, மாலை ஐந்து போதும். சுலபமானதும் திண்டை எடுத்துவிடலாம். நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்த வேண்டும்.

அப்புறம் புரதம். வயதானவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

மூத்தவன்:
அதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: எழும்போது தலை சுற்றுகிறதா? என் அப்பா இரண்டு முறை விழுந்த பிறகுதான் சொன்னார். ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிரஷர் பாருங்கள். எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் திரும்பப் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் போங்கள். என் அப்பாவுக்கு மாத்திரையின் அளவைக் குறைத்ததும் சரியாகிவிட்டது. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

தனிநடை71:
அம்மா, நான் உங்கள் அப்பாவின் கட்சி. மனைவி போன பிறகு நானும் ஒரு வருடம் நடக்கவில்லை. காலில் குறை இல்லை. அவள் நின்று மூச்சு வாங்கும் அதே திருப்பத்தைத் தனியாகக் கடக்க மனம் வரவில்லை. கடைசியில் என் மகன் வேறு தெரு வழியாகக் கூட்டிப்போனான். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அவன் வேலையில் இருந்த ஒரு சிக்கலுக்கு யோசனை கேட்டுக்கொண்டே வந்தான். அப்பாவிடமும் ஏதாவது கேளுங்கள்.

இளையமகள்:
கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காலையில மட்டும் சுத்துது" என்றார். இத்தனை நாள் நான் பயந்துவிடுவேன் என்று சொல்லவில்லையாம். மாத்திரைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம். பயிற்சி அதற்குப் பிறகுதான். நாற்காலியை மட்டும் இன்றே சுவரோரம் போட்டுவிட்டேன். திண்டு போதுமான உயரமா என்று அவரே அழுத்திப் பார்த்தார்.