கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவதற்கு என்ன சொல்?

சென்னையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். இதழியல் மாணவர்களுக்காக அரசியல் பேட்டிகள் பற்றி ஒரு பாடம் எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொல் வேண்டும். கேட்டதற்குப் பதில் தராமல் பேசிக்கொண்டே போவதற்கு ஒரு பொதுச்சொல். இன்னொன்று வாட்டபௌட்டிசத்துக்கு: "உங்கள் ஆட்சியில் ஏன் இப்படி?" என்றால் "அவர்கள் ஆட்சியில் நடக்கவில்லையா?" என்பது.

பாடத்தில் முதல் எடுத்துக்காட்டு 1997 மே 13, பிபிசி நியூஸ்நைட். சிறைத்துறைத் தலைவர் டெரெக் லூயிஸின் முடிவை மீறப்போவதாக அவரை மிரட்டினீர்களா என்று பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் பேட்டியாளர் ஜெரமி பாக்ஸ்மன் ஏறக்குறைய 12 முறை கேட்டார். "அவருக்கு உத்தரவிட எனக்கு அதிகாரமில்லை, உத்தரவிடவும் இல்லை" என்பதையே ஹோவர்ட் சுற்றிச் சுற்றிச் சொன்னார். மிரட்டினாரா இல்லையா என்பது வரவே இல்லை.

மதுரையிலிருந்து:
அம்மா, இருக்கிற சொல்லை விட்டுப் புதிது எதற்கு? "செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்" என்கிறது தொல்காப்பியம். செப்பு என்றால் பதில், வழு என்றால் பிழை. பொதுச்சொல் செப்புவழு. தில்லைக்கு வழி கேட்டவனிடம் "சிவப்புக் காளை முப்பது பணம்" என்று சொன்ன உரை எடுத்துக்காட்டை மாணவர்கள் மறக்கவே மாட்டார்கள். இரண்டாவதற்கு நன்னூலின் எட்டு விடைகளில் ஒன்றான வினாவெதிர் வினாதல், அதாவது கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்வது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா, இரண்டையும் ஏற்க முடியவில்லை. "வருவாயா?" என்றால் "வராமல் இருப்பேனா?" என்பது வினாவெதிர் வினாதல். அதற்குள் "வருவேன்" இருக்கிறது. "அவர்கள் செய்யவில்லையா?" என்பதற்குள் ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. இலக்கணம் விடையென்று ஏற்ற ஒன்றின் பெயரை ஏமாற்றுக்குக் கொடுக்கலாமா?

செப்புவழுவிலும் சிக்கல். "செப்பே வழீஇயினும் வரைநிலை இன்றே, அப்பொருள் புணர்ந்த கிளவியான" என்று அடுத்தடுத்த நூற்பாக்களிலேயே வருகிறதே. பொருளோடு ஒட்டியிருந்தால் வழுவும் தள்ளுபடியில்லை. ஹோவர்ட் பேசியதும் அதே லூயிஸ், அதே உத்தரவு பற்றித்தான். காளை விலை சொன்னவனுக்குக் கேள்வி விளங்கவில்லை. ஹோவர்டுக்கு நன்றாகவே விளங்கியது.

மணிமேகலை 29ஆம் காதையில் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று சரிபோலத் தோன்றும் தவறான வாதங்களுக்குப் பெயர்கள் உண்டு. அந்த வரிசையில் விடைப்போலி எனலாம். அப்புறம், பேட்டி என்று ஏன் எழுதுகிறீர்கள்? நாங்கள் செவ்வி என்கிறோம்.

மதுரையிலிருந்து:
செவ்வி அருமையான சொல். "அருஞ்செவ்வி இன்னா முகத்தான் பெருஞ்செல்வம்" (குறள் 565). காண்பதற்கு அரியவனாய், கண்டாலும் முகம் கடுப்பவனாய் இருக்கும் ஆட்சியாளனின் செல்வம் பேய் காத்த செல்வம் போன்றது என்கிறார். ஆளுபவரை அணுகிக் கேட்கும் வாய்ப்புக்கு இதைவிடப் பொருந்தும் சொல் ஏது? தமிழ்நாட்டு ஏடுகளும் இதற்கு மாற வேண்டும்.

கோவையிலிருந்து:
ஐயா, திங்கட்கிழமையை மறந்துவிட்டோம். நான் சப்டைட்டில் எழுதுகிறவன். படிப்பவர் கண் இரண்டு நொடிதான் நிற்கும், அதற்குள் உரைநூலைத் திறக்க முடியாது. எல்லோர் வாயிலும் மழுப்பல் இருக்கிறது. பேச்சை வேறு பக்கம் திருப்புவதை மடைமாற்று என்று ஏடுகள் எழுதுகின்றன, ஆனால் அது ஒரு வகைதான். 2011 ஜூனில் ஓய்வூதிய வேலைநிறுத்தம் பற்றி என்ன கேட்டாலும் பிரிட்டனின் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் கிட்டத்தட்ட ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பேச்சை எங்கும் மாற்றவில்லை, நின்ற இடத்திலேயே நின்றார். இரண்டாவதற்கு "நீமட்டுமா வாதம்" போதும்.

மதுரையிலிருந்து:
மழுங்கு, மழுக்கு, மழுப்பு: கேள்வியின் கூர்மையை எடுப்பது. வேர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "நீமட்டுமா" கலைச்சொல்லா? அது தெருச்சண்டை.

யாழ்ப்பாணத்திலிருந்து:
அந்த வாதமே தெருச்சண்டைதானே ஐயா, பெயரும் அப்படியே இருக்கட்டும். ஆனால் மழுப்பலுக்கு என் வாக்கு இல்லை. பதில் தெரியாமல் தடுமாறுகிறவரும் மழுப்புவார். தெரிந்தே பதில் போலக் காட்டுவதுதான் இங்கே குற்றம். அதைச் சொல்ல போலி வேண்டும்.

சென்னையிலிருந்து:
சரி, நன்றி. தலைப்பில் மழுப்பல், உள்ளே நீமட்டுமா வாதம். ஹோவர்ட் பத்தியில் மட்டும் விடைப்போலி என்று எழுதுகிறேன், அங்கே வேறெதுவும் பொருந்தவில்லை. பேட்டி இந்தப் பதிப்பில் பேட்டியாகவே இருக்கும்.

மதுரையிலிருந்து:
செப்புவழுவை அடிக்குறிப்பிலாவது சேருங்கள் அம்மா. என் மறுப்பு அப்படியே நிற்கிறது.