மண்டபம்: பழைய மாருதி 800 காரில் சிக்கிக்கொண்ட சாவி

மண்டபத்தில் கடலோரமாகவே நிற்கும் என் தந்தையின் 1999ஆம் ஆண்டு மாருதி 800 காரில், ஞாயிறு மாலை முதல் சாவி ‘ஏசிசி’ நிலையிலேயே (இன்ஜின் ஓடாமல் ரேடியோ போன்றவை மட்டும் இயங்கும் நிலை) சிக்கிக்கொண்டு, ‘லாக்’ பக்கம் திரும்பவும் மறுக்கிறது, வெளியே வரவும் மறுக்கிறது. ‘ஆன்’ பக்கம் தடையின்றித் திரும்புகிறது, வண்டியும் கிளம்புகிறது. உப்புக்காற்றில் சாவியின் கழுத்தில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது.

ஸ்டீயரிங்கை இருபுறமும் அசைத்தபடி சாவியை உள்ளே அழுத்தித் திருப்பினேன். துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஓர் இரவு விட்டுப் பார்த்தேன். அதற்கு முன்பே வீட்டில் தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டார்கள். அது உள்ளிருந்த மணலைப் பிசினாக்கியிருக்கும் என்று அஞ்சுகிறேன். பேட்டரி இறங்காமலிருக்க நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்திருக்கிறேன். இருப்பது இந்த ஒரே சாவி என்பதால் குறடு போட்டு இழுக்க மனம் வரவில்லை.

சாவியை முறிக்காமல் பூட்டின் உருளையை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா?